இரண்டு மையில் ஒரு கவிதைப் புத்தகம்: ரிசோவுக்கும் ஸ்கிரீனுக்கும் டிசைன் செய்வது

கேள்வி சுருக்கமாக இது: 42 பக்கக் கவிதைத் தொகுப்பு, ஏ5 அளவு, உள்ளே படங்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நான்கு கலரில் டிசைன் செய்து முடித்தாகிவிட்டது. பதிப்பகம் இல்லாமல் சொந்தமாக 100 பிரதி போட வேண்டும், டிஜிட்டல் பிரிண்ட் வேண்டாம். ரிசோ, ஸ்கிரீன் பிரிண்டிங் (வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சிடுவது), லினோகட் (லினோலியத்தில் செதுக்கி அச்சிடுவது), இந்த மூன்றில் எது சரிவரும்? ஃபைலில் என்ன மாற்ற வேண்டும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்பக்கங்களை ரிசோவில், இரண்டே மையில் போடுங்கள். அட்டையைத் தனியாக ஸ்கிரீனிலோ லினோவிலோ போடுங்கள். பக்கத்தை 40 ஆகக் குறையுங்கள். எழுத்து லே அவுட்டைக் கொஞ்சம் திருத்தினால் போதும், ஆனால் படங்களை மறுபடி செய்தாக வேண்டும். நான்கு கலர் படத்தை இரண்டு கலராக "கன்வெர்ட்" செய்யும் பட்டன் நிறைய மென்பொருளில் இருக்கிறது. அதை அமுக்கினால் வருவது மங்கிப்போன நான்கு கலர் படம்தான்.

ரிசோ என்பது தோற்றத்தில் ஜெராக்ஸ் மிஷின் மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது பழைய சைக்ளோஸ்டைலின் வேலை. ஜப்பானின் ரிசோ ககாகு கம்பெனி 1980களில் இதைக் கொண்டுவந்தபோது மனதில் வைத்தது பள்ளிக்கூட வினாத்தாளும் அலுவலகச் சுற்றறிக்கையும்தான். மாஸ்டர் என்ற மெல்லிய தாளில் சூட்டால் நுண்ணிய துளைகள் விழும். அந்த மாஸ்டர் ஒரு டிரம்மைச் சுற்றிக்கொள்ளும். டிரம்முக்குள்ளிருந்து மை துளை வழியே கசிந்து தாளில் ஏறும். ஒரு டிரம்முக்கு ஒரு மை. கலர் மாற வேண்டுமென்றால் டிரம்மைக் கழற்றி வேறு டிரம்மை மாட்டி, புது மாஸ்டர் அடித்து, அதே தாளை மறுபடி உள்ளே விட வேண்டும். இரண்டு டிரம் உள்ள மிஷின்களும் உண்டு, ஆனால் தத்துவம் அதேதான்.

இதிலிருந்துதான் கணக்கு வருகிறது. ஒரு பிரதி எடுத்தாலும் ஆயிரம் பிரதி எடுத்தாலும் மாஸ்டர் செலவு ஒன்றுதான். ஏ3 தாளின் ஒரு பக்கத்தில் நான்கு ஏ5 பக்கங்கள் உட்காரும், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. 40 பக்கப் புத்தகத்துக்கு ஐந்து ஏ3 தாள், அதாவது பத்து முகம். இரண்டு மை என்றால் 20 மாஸ்டர், நான்கு மை என்றால் 40. ஒரு டிரம் மிஷினில் நான்கு மை போட்டால் ஒவ்வொரு தாளும் எட்டு முறை மிஷினுக்குள் போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் தாள் லேசாக நகரும், சுருளும், சில தாள்கள் வீணாகும். 42 பக்கம் ஏன் ஆகாது என்பதும் இங்கேயே தெரிகிறது. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகத்துக்கு நான்கின் மடங்கு தேவை. ஏ3 தாளை முழுதாகப் பயன்படுத்த எட்டின் மடங்கு தேவை. 48 ஆக்கலாம்தான், ஆனால் இரண்டு பக்கத்தை எடுப்பதே மேல். எடுக்கக்கூடிய இரண்டு கவிதை இல்லாத தொகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது அளவு. ரிசோ தாளின் விளிம்பு வரை அச்சிடாது. ஏ3 என்பது 297 × 420 மி.மீ. பெரும்பாலான ஏ3 மாடல்களில் அச்சு விழும் பரப்பு சுமார் 291 × 413தான். சரியாக ஏ5 அளவில் பக்கங்களை வைத்து, விளிம்பு வரை ஓடும் படம் ஒன்றையும் வைத்தால், வெளி ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு நின்றுவிடும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, எல்லாப் பக்கத்திலும் தாராளமான மார்ஜின் விட்டு, எந்தப் படத்தையும் விளிம்புக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. கவிதைக்கு இது நன்றாகவே பொருந்தும். இன்னொன்று, பக்கத்தைக் கொஞ்சம் சிறிதாக்குவது. 138 × 198 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விரித்த இரண்டு பக்கம் 276 அகலம், சுற்றி 3 மி.மீ. பிளீட் (கடைசியில் வெட்டிவிடும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 282. அப்படி இரண்டு விரிப்புகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் உயரம் 408. அச்சுப் பரப்புக்குள் அடங்கிவிடும், கட்டிங் குறிகளுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். உங்கள் மிஷினின் அச்சுப் பரப்பை ஓட்டுபவரிடம் கேட்டுவிட்டு இந்த எண்களை முடிவு செய்யுங்கள். பக்க அளவை டிசைன் தொடங்குமுன் முடிவு செய்வதுதான் முறை. முடித்த பிறகு மாற்றினால் வரி உடையும், கவிதையில் வரி உடைவது சாதாரண விஷயம் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: கலர் பிரிப்பது.

கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவர் படத்தை ஒரே காட்சியாகப் பார்த்துப் பழகியிருப்பார். அச்சுக்கு அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஒரு மைக்கு ஒரு கருப்புவெள்ளைப் படம், அவ்வளவுதான். அந்தப் படங்கள் தாளில் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான் கலர் பிறக்கிறது. ஆகவே நீங்கள் வரைய வேண்டியது இரண்டு கருப்புவெள்ளைப் படங்கள். மைக்கு ஒன்றான அந்தப் படத்தைத்தான் இனி பிளேட் என்கிறேன். 1891இல் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் பாரிஸ் சுவர்களுக்கு லித்தோ (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) போஸ்டர் வரைந்தபோதும் இப்படித்தான், கலருக்கு ஒரு தடவை. அந்தப் போஸ்டர்களில் பெரிய தட்டையான கலர் பரப்புகளும் குறைவான மைகளும் இருப்பதில் ரசனைக்கும் பங்கு உண்டு, முறைக்கும் பங்கு உண்டு.

உதாரணத்துக்கு மஞ்சளும் கருநீலமும் எடுத்துக்கொள்வோம். ஒரு ஜன்னல், அதில் ஒரு தொட்டிச் செடி, வெளியே மாலை வெளிச்சம். மஞ்சள் பிளேட்டில் வானம் 30 சதவீதம், இலைகள் 100 சதவீதம், தொட்டி 60. நீலப் பிளேட்டில் இலைகள் 40 சதவீதம், ஜன்னல் சட்டம் 100, தொட்டியின் நிழல் 70, வானத்தில் ஒன்றுமே இல்லை. அச்சிட்டுப் பார்த்தால் வானம் வெளிர்மஞ்சள். இலை பச்சை, ஏனென்றால் மை ஒளி ஊடுருவும், மஞ்சளின்மேல் நீலம் விழுந்தால் பச்சை. இரண்டும் 100 சதவீதத்தில் சந்திக்கும் இடம் கிட்டத்தட்ட கருப்பு. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிடுகிறீர்கள். இரண்டு மை கொடுத்து நான்கைந்து கலர் வாங்கிவிட்டீர்கள். சிவப்பு மட்டும் கிடைக்காது. சிவப்பு இல்லாமல் முடியாது என்றால் மைத் தேர்வை மாற்றுங்கள், மூன்றாவது மை சேர்க்காதீர்கள்.

மை தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு விதி: இரண்டில் ஒன்று எழுத்தைத் தாங்கும் அளவுக்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். கருப்பு, கருநீலம், கரும்பச்சை மாதிரி. இன்னொன்று எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ரிசோவில் ஃப்ளோரசென்ட் பிங்க், ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு என்று மானிட்டரில் காட்டவே முடியாத மைகள் உண்டு. சாதாரண நான்கு கலர் அச்சிலும் அந்தப் பளிச்சென்ற தன்மை வராது.

மானிட்டரில் கலர் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதால், படம் வரையும் முன் ஒரு அட்டவணை அடித்துக்கொள்ளுங்கள். ஒரு மையை இடமிருந்து வலமாக 0, 10, 20 என்று 100 வரை ஏற்றுங்கள், இன்னொன்றை மேலிருந்து கீழாக அப்படியே. 121 கட்டங்கள். இரண்டு மாஸ்டர், ஒரே தாள். நீங்கள் புத்தகத்துக்கு வாங்கப்போகும் அதே தாளில் அடிக்க வேண்டும், ஏனென்றால் க்ரீம் தாளில் நீலமும் வெள்ளைத் தாளில் நீலமும் வேறு வேறு. இந்த ஒரு தாளை மேஜையில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் திரையை நம்ப வேண்டிய அவசியமே இராது.

பிளேட்டைக் கையாலும் செய்யலாம், கவிதைப் புத்தகத்துக்கு அதுவே அழகு என்பது என் கட்சி. டிரேசிங் ஷீட் இரண்டு எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொன்றிலும் கருப்புப் பேனாவாலோ பென்சிலாலோ வரையுங்கள். நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி போடுங்கள். கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தால் பிளேட் தயார். பென்சில் நிழல் ரிசோவில் பிரமாதமாக வரும். அதில் கிரெய்ன் டச் என்று ஒரு அமைப்பு உண்டு, சாம்பல் நிறத்தைச் சிதறிய பொடிப் புள்ளிகளாக மாற்றும். வரிசையாகப் புள்ளி வைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பிளேட்டின் கோணத்தையும் 30 டிகிரி தள்ளி வையுங்கள், ஒன்று 45, மற்றது 75. இல்லையென்றால் படத்தின்மேல் வேண்டாத அலை அலையான கோலம் விழும். புள்ளிகளை நீங்களே கம்ப்யூட்டரில் போட்டு 600 டிபிஐ பிட்மேப்பாக (சாம்பல் இல்லாமல் கருப்பும் வெள்ளையும் மட்டும் உள்ள படமாக) கொடுப்பதென்றால், அதற்குப் பிறகு படத்தின் அளவை ஒரு சதவீதம்கூட மாற்றாதீர்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு கலர் இன்னொன்றின்மேல் சரியாகப் பொருந்துவது, விலகும். ஒரு மி.மீ., சில தாளில் இரண்டு. விலகாமல் ஓட்ட முடியாதா என்று கேட்பதைவிட, விலகினாலும் தெரியாதபடி வரைவது எளிது. மஞ்சள் வட்டத்தைச் சுற்றி நீலத்தில் மெல்லிய கோடு என்பது வம்பை விலைக்கு வாங்குவது. அதே வட்டத்தைக் கோடில்லாமல், நீலச் செடியின் பின்னால் தளர்வாக விட்டால், எங்கே விழுந்தாலும் சரியாகவே இருக்கும். ஒரு கலரில் ஓட்டை விட்டு, அந்த ஓட்டைக்குள் இன்னொரு கலரைக் கச்சிதமாகப் பொருத்த முயலாதீர்கள். மேலேயே விழட்டும். அப்படிப் பொருத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு மி.மீ.யாவது ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது, எல்லாக் கலருக்கும் தாளின் அதே மூலை, அதே ஓரம்தான் முதலில் போக வேண்டும். ஜப்பானிய மரக்கட்டை அச்சில் இதற்குக் கென்டோ என்று ஒரு ஏற்பாடு: ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மூலையில் எல் வடிவ வெட்டு, ஓரத்தில் நேரான ஒரு வெட்டு. தாளின் மூலையை அதில் முட்டி வைத்தால் எத்தனை கட்டை மாறினாலும் தாள் அதே இடத்தில் உட்காரும். ஓவியர் சுசுகி ஹருநோபு 1765 வாக்கில் பல கலர் அச்சைப் பரவலாக்கியபோது நம்பியது இந்த இரண்டு வெட்டுகளைத்தான். லினோவில் அட்டை போடுவதென்றால் நீங்களும் ஒரு பலகையில் இரண்டு அட்டைத் துண்டை ஒட்டி இதையே செய்துகொள்ளலாம்.

இடையில் ஒன்று. இப்போது சிலர் டிஜிட்டல் படத்தில் வேண்டுமென்றே கலரை விலக்கி, பொடிப் புள்ளி தூவி "ரிசோ லுக்" கொண்டுவருகிறார்கள். அந்த ஃபைலையே ரிசோவுக்கும் அனுப்புகிறார்கள். மிஷின் தன் பங்குக்கு விலக்கும், தன் பங்குக்குப் புள்ளி வைக்கும். இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். ஃபைல் சுத்தமாக இருக்கட்டும்.

எழுத்து விஷயத்தில் மூன்று நான்கு எச்சரிக்கை. கவிதை வரிகள் ஒரே பிளேட்டில், 100 சதவீத அடர்த்தியில் இருக்க வேண்டும். 60 சதவீத சாம்பலில் எழுத்து வைத்தால் மிஷின் அதைப் புள்ளிகளாக்கும், எழுத்தின் ஓரம் அரித்ததுபோல் ஆகிவிடும். ஆர்ஜிபியில் (திரைக்கான கலர் முறையில்) வைத்த கருப்பு எழுத்து கன்வெர்ட் ஆகும்போது எல்லாப் பிளேட்டிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், எனவே ஒவ்வொரு பிளேட்டையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். தமிழில் சுழி அதிகம். ண, ணை, ஞ, ஷ போன்றவற்றின் உள் இடைவெளி சிறிய அளவில் மை அடைத்துக்கொள்ளும். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் ஃபான்ட்டில் மெல்லியது அறுந்து போகும். ஒரே சீரான தடிமன் உள்ள, சுழி அகலமாகத் திறந்த ஃபான்ட்டை எடுங்கள். புள்ளியையும் கவனியுங்கள்: க்-க்கும் க-வுக்கும் நடுவே நிற்பது ஒரு துளி மைதான், கவிதையில் அது போனால் சொல்லே போயிற்று. கருநீலப் பரப்பில் வெள்ளையாக எழுத்து விட ஆசையாக இருந்தால் தலைப்புக்கு மட்டும், அதுவும் ஒரே பிளேட்டில் மட்டும். இரண்டு கலரிலும் ஓட்டை விட்ட எழுத்து ஒரு மி.மீ. விலகினால் படிக்க முடியாது.

ரிசோ மை எண்ணெய் சார்ந்தது. தாள் உறிஞ்சித்தான் அது காய வேண்டும். அதனால் ஆர்ட் பேப்பர் போன்ற பளபளப்புத் தாள் கூடவே கூடாது, காயவே காயாது. உறிஞ்சும் தாளிலும் அடர்த்தியான இடத்தைத் தேய்த்தால் விரலில் கொஞ்சம் ஒட்டும். முழுப் பக்க சாலிட் (இடைவெளியில்லாத மைப் பரப்பு) வேண்டுமென்றால் 100க்குப் பதில் 80 சதவீதம் வையுங்கள். அடுத்த கலருக்கு உள்ளே போகும்போது உருளையின் தடம் பதிவதும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மை மாறுவதும் குறையும். பக்கத்தைப் புரட்டக் கட்டைவிரல் படும் வெளி மூலையில் கனமான கருநீலம் வேண்டவே வேண்டாம். முதல் கலர் ஓட்டி ஒரு நாள் விட்டு அடுத்ததை ஓட்டுங்கள்.

தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சுற்றி இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பின்பக்கக் கவிதை முன்பக்கம் தெரியும். அப்புறம் தாளின் நார் ஓடும் திசை. இழைகள் எந்தத் திசையில் கிடக்கின்றனவோ அதற்கு இணையாக மடித்தால் மடிப்பு படியும், குறுக்கே மடித்தால் புத்தகம் விறைப்பாகத் திறக்கும், தடித்த தாள் என்றால் மடிப்பில் வெடிக்கும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதற்கேற்பத்தான் மடிப்பு. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் குறுக்கு மடிப்பு. நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 வாங்கி, அச்சிட்டு, நடுவில் வெட்டி மடித்தால் சரியான மடிப்பு கிடைக்கும். நான்கு நான்காக ஏ3யில் அடிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஐந்து ஏ3யை வெட்டிக் கிடைக்கும் பத்து தாளை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்தாள் வெளியே சுமார் ஒரு மி.மீ. தள்ளும். ட்ரிம் செய்யும்போது நடுப் பக்கங்களின் வெளி மார்ஜின் அந்த அளவுக்குக் குறையும். மார்ஜின் தாராளமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. நடுவில் பின் அடிக்கலாம், மூன்று துளை போட்டு நூலால் தைக்கலாம். 100 பிரதிக்கு நூல் தையல் சாத்தியமே, பொறுமைதான் வேண்டும். லே அவுட் தொடங்குமுன் வெறும் தாளை மடித்துப் பக்க எண் எழுதிய டம்மி ஒன்று கட்டாயம் வேண்டும். எந்தப் பக்கத்தின் அருகில் எந்தப் பக்கம் அச்சாகிறது என்பதை மனக்கணக்கில் போடாதீர்கள்.

அட்டைக்கு வருவோம். ரிசோவில் சுமார் 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் தாள் சுலபமாக ஓடாது, அட்டையோ கையிலேயே இருக்கும், தேய்படும். ஸ்கிரீன் மை தாளின்மேல் ஒரு படலமாகப் படிந்து முழுதாகக் காய்ந்துவிடும், கருப்பு அட்டையில் வெள்ளை எழுத்தும் போட முடியும். ரிசோவில் இதற்கு வழியே இல்லை. ஸ்கிரீனுக்கு செ.மீ.க்கு 90 இழை உள்ள மெஷ் (வலைத்துணி) எடுங்கள், அங்குலக் கணக்கில் சுமார் 230. ஹாஃப்டோன் (சாம்பலைப் புள்ளி வரிசைகளாக்குவது) போடுவதென்றால் அங்குலத்துக்கு 45 வரிக்கு மேல் போகாதீர்கள், மெஷ் எண்ணில் ஐந்தில் ஒன்று என்பது நல்ல கணக்கு. ஸ்கிரீனில் படத்தை ஏற்றும் பாசிடிவ் ஃபிலிமில் படம் நன்றாகக் கருத்திருக்க வேண்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊடே தெரியக்கூடாது. தெரிந்தால் எக்ஸ்போஸ் செய்யும்போது (ஒளி காட்டும்போது) மெஷ்ஷில் பூசிய எமல்ஷன் அங்கேயும் இறுகிவிடும், கழுவினாலும் திறக்காது. ஸ்கிரீனுக்கும் தாளுக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விட்டால் ஸ்க்வீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) நகர நகர மெஷ் தானாக விடுபடும், ஓரம் சுத்தமாக வரும்.

லினோ என்றால் ஒரே கலர், தடித்த உருவம், தலைப்பு பெரிதாக. கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித்தான் செதுக்க வேண்டும். கெ, கே, கை எல்லாம் திரும்பும்போது கொம்பு எந்தப் பக்கம் என்று கண் ஏமாறும். டிரேசிங் ஷீட்டில் மென்பென்சிலால் எழுதிக் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள், பிறகு யோசிக்காமல் கோட்டின் மேலேயே செதுக்கலாம். இன்னொரு கலர் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் கையால் பூசுங்கள். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் கவிதைகளைச் செம்புத் தகட்டில் எழுத்தும் படமுமாகத் தானே உருவாக்கி, தானே அச்சிட்டு, மனைவி கேத்தரினும் அவருமாக வாட்டர்கலர் பூசித்தான் விற்றார். எண்ணெய் மை காய்ந்த பிறகு அதன்மேல் வாட்டர்கலர் பூசினால் கோடு கரையாது.

கடைசிப் பக்கத்தில் என்ன மை, என்ன தாள், எந்த முறை, எத்தனை பிரதி என்று நான்கு வரி போடுங்கள். இந்த வகைப் புத்தகம் வாங்குகிறவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள். பிரதி எண்ணிக்கையை மட்டும் அச்சில் போடாமல் கையால் எழுதும்படி கோடு விடுங்கள். இரண்டு கலர், இரண்டு முகம் என்று ஒவ்வொரு தாளும் நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் சில தாள் வீணாகும். ஆகவே 100 பிரதிக்குத் தாளுக்கு 120 வீதமாவது எடுத்துத் தொடங்குங்கள். ஐந்து தாளில் எது அதிகம் வீணானதோ அதில் மிஞ்சியதுதான் உங்கள் பதிப்பின் அளவு. அது 97 ஆகவும் இருக்கலாம், 111 ஆகவும் இருக்கலாம். எண் போடுவதை பைண்டிங் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.